ஈரக் கழிவு

வந்த அன்றே கதவோடு விழுந்தேன்.
எங்கள் தீவில் மரக்கதவுகள்
ஆண்டில் ஒன்பது மாதம் ஊறி உப்பிக் கிடக்கும்;
தோளால் ஓர் இடி இடித்தால்தான் வழிவிடும்.
அதே இடியை இங்கேயும் கொடுத்தேன்.
தகரக் கதவு. தாழ்கூடப் போடவில்லை.
பெட்டியும் நானுமாய் எர்மிந்தாவின் கூடத்துக்குள்
சறுக்கிக்கொண்டு போனோம்.
சூப் குடித்துக்கொண்டிருந்த மூன்று ஆண்கள்
கரண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.
"தெற்கத்திக்காரி" என்றார் ஒருவர்
மற்ற இருவரிடம்.
மறுபடி கரண்டிகள்.

"தலைமாட்டில் ஒரு வாளி தண்ணீர் வை,
இல்லையென்றால் மூக்கு வெடிக்கும்"
எர்மிந்தா சொன்னாள். வாளி கேட்கக் கூச்சம்.
விடிந்தபோது தலையணையில்
நூறு பெசோ நாணயம் அகலத்துக்கு
என் ரத்தம், அதற்குள் காய்ந்து.

தனியாகவா வந்தாய் என்று கேட்பார்கள் என
பேருந்தின் இரண்டு இரவுகளில்
மூன்று பதில்கள் தயார் செய்திருந்தேன்.
சால்மன் ஆலை மூடியது ஒன்று.
மற்ற இரண்டும் நிஜம்.
காலாமாவில் யாரும் கேட்கவில்லை.
ஏழு நாள் சுரங்கம், ஏழு நாள் வீடு என்று
பாதி ஊர் எப்போதும் விமானநிலையத்தில் நிற்கிறது.
நாய்கள்தாம் நிரந்தரக் குடிகள்.

உப்புக் குப்பியைக் கொண்டுவந்திருந்தேன்,
ஈரம் இழுக்க உள்ளே போட்ட அரிசியோடு.
ஊரில் அதைத் தட்ட வேண்டும், உலுக்க வேண்டும்,
கடைசியில் கத்தி முனையால் குத்த வேண்டும்.
இங்கே சாய்த்தாலே கொட்டுகிறது.
மூன்று வாரம் என் சமையலை
நானே தின்ன முடியவில்லை.

வேலை மட்டும் எளிது.
ஆலையிலிருந்து கருப்புச் சேறாய் வரும் தாமிரத்தில்
ஒரு தட்டு எடு, நிறு,
நூற்றைந்து டிகிரி அடுப்பில் காயவை,
மறுபடி நிறு.
குறைந்ததை எழுது.
"கப்பல்காரன் தண்ணீருக்குக் காசு தரமாட்டான்,"
யெர்கோ சொன்னான், முதல் நாள் பாடம் அவ்வளவே,
"எட்டரைக்கு மேல் போனால் என்னை எழுப்பு."
மழையிலேயே முப்பத்தொரு வருஷம் நனைந்தவளுக்கு
இந்த நாடு கண்டுபிடித்துக் கொடுத்த உத்தியோகம்:
ஈரத்தைக் கணக்கிட்டுக் கழிப்பது.
சிரிக்கலாமென்று பார்த்தேன்.
உதடு பிளந்திருந்தது.

மூன்று மணிக்குக் காற்று.
அதற்குச் சற்று முன்னால் சுரங்கத்தில் வெடி;
மேசையில் கண்ணாடித் தம்ளர்கள்
ஒன்றையொன்று லேசாக இடித்துக்கொள்ளும்.
முதலில் எழுந்து ஓடினேன்.
பிறகு தம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.
பிறகு பேச்சை நிறுத்தாமலே பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஓர் இரவு தெருக்குழாய் உடைந்தது.
சத்தத்துக்கு விழித்தேன். அரைத் தூக்கத்தில்
மழை என்றே நினைத்தேன்,
கொடியில் துணி இருக்கிறதா என்று கை தேடியது.
பிறகு தெரு.
போர்வை போர்த்தியவர்கள், பாத்திரம் ஏந்தியவர்கள்,
நாற்காலியோடு வந்து உட்கார்ந்த ஒரு கிழவர்.
விளக்குக் கம்பத்தடியில் ஓர் ஆள் உயரத்துக்கு
எழும்பிக்கொண்டிருந்தது தண்ணீர்.
எல்லா நாய்களும் அதைச் சுற்றி.

பக்கத்து வீட்டு பொலிவியாக்காரி சிரேனியா
என் கையில் ஒரு குண்டானைத் திணித்தாள்.
நிரப்பினேன், ஊற்றினேன், நிரப்பினேன்.
படியேறும்போது பன்னிரண்டாம் படியில்
காதுக்குள் வந்து அடிக்கும் இதயம்
அன்றைக்கு வரவில்லை, அல்லது கேட்கவில்லை.

குழாய்க்காரர்கள் வந்தபோது மணி இரண்டேகால்.
"ஒன்றரை மணி நேரமாய்ப் போகிறது!
எங்கள் தண்ணீர் உங்களுக்கென்ன இளப்பமா?"
யாரோ கத்தினார்கள்.
தெற்கத்திக் குரல்.
சிரேனியா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதிகாரி பலகையைத் தூக்கிப் பிடித்தார்.
புகார் யார் பேரில்?
ஓதிலியா கார்காமோ.
எந்த வீடு?
குண்டான் இரண்டு கையிலும் இருந்ததால்
மோவாயால் காட்டினேன்,
அந்தத் தகரக் கதவு.